உப்புக் கணக்கு



இந்தச் சொற்பொழிவின் அழைப்பிதழில் என் தலைப்பை 'பொருளாதார சக்திகளும் தொழில், அரசு, சமுதாயமும்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய தலைப்பை ஒரு மணி நேரத்தில் பேசி முடிக்கத் துணிகிறவர் ஒன்று மேதையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தேர்தல் வேட்பாளராக இருக்க வேண்டும். நான் இரண்டும் இல்லை. ஆகையால் ஒரே ஊரைப் பற்றிப் பேசுகிறேன். எனக்குத் தெரிந்த ஊர், திருப்பூர்.

1986 கோடையில், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு, ஒரு பனியன் கம்பெனியில் இரண்டு மாதம் கைமடியாக இருந்தேன். கைமடி என்றால் என்னவென்று இங்கே பலருக்குத் தெரிந்திருக்காது. டெய்லருக்கு எதிரே நின்று, அவர் தைத்துத் தள்ளும் துண்டை வாங்கி, நூலை அறுத்து, அடுத்த தையலுக்கு ஏற்றபடி மடித்து அடுக்கிக் கொடுக்கிற ஆள். காலை எட்டரைக்கு நின்றால் இரவு எட்டரை வரை. அதற்கு எங்கள் ஊரில் 'ஒன்றரை ஷிப்ட்' என்று பெயர். ஒரு ஷிப்ட் எட்டு மணி நேரம், ஒன்றரை என்பது பன்னிரண்டு. உலகத்தில் வேறெங்கும் நாளை இப்படி ஒன்றரையால் அளப்பார்களா என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் "இன்னைக்கு ஒன்றரையா?" என்று கேட்பது, சாப்பிட்டாயா என்று கேட்பது போல.

அந்த இரண்டு மாதத்தில் ஒரு விஷயம் எனக்குப் புரியவே இல்லை. முதலாளி நல்ல மனிதர். எங்களோடு சேர்ந்து பீஸ் மடிப்பார், பசித்த முகத்தைப் பார்த்தால் டீ வாங்கிக் கொடுப்பார். ஆனால் சனிக்கிழமை சம்பளக் கவரைக் கொடுக்கும்போது மட்டும் அவர் முகம் வேறு ஒருவரின் முகம்போல இருக்கும். அந்த வேறு ஒருவர் யார் என்பதைத் தேடித்தான் பின்னாளில் நான் பொருளியல் படித்தேன் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். முழுப் பொய்யில்லை.

திருப்பூரில் 1925-இலேயே பின்னல் இயந்திரம் வந்துவிட்டது. வெகுகாலம் வெள்ளைப் பனியன்தான், உள்நாட்டுச் சந்தைதான். 1978 வாக்கில் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற இறக்குமதியாளர், பம்பாய் ஏற்றுமதியாளர்கள் வழியாக, வெள்ளை டி-சர்ட் வாங்க இங்கே வந்தார். அங்கிருந்து ஏற்றுமதிக் கதை ஆரம்பம். 1985-இல் ஊரின் ஏற்றுமதி மொத்தமும் 20 கோடி ரூபாயைத் தொடவில்லை. 2024-25 நிதியாண்டில் அது ஏறத்தாழ 40,000 கோடி. இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் எல்லோரும் சொல்கிற 'கடும் உழைப்பு' கதை ஒன்று இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊரின் உருவத்தை வார்த்தது உழைப்பு மட்டும் என்று சொன்னால், பாத்திரத்தின் வடிவத்துக்குத் தண்ணீரைப் பாராட்டுவது போலாகிவிடும்.

பாத்திரத்தைச் செய்தது பெரும்பாலும் டெல்லி. பின்னலாடைத் தொழில் நெடுங்காலம் சிறுதொழிலுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. இயந்திரத்தில் இவ்வளவுக்கு மேல் முதலீடு செய்யக் கூடாது என்று வரம்பு. 2000-களின் நடுவில்தான் அந்த ஒதுக்கீடு எடுக்கப்பட்டது. அதுவரை வளர நினைத்த முதலாளி என்ன செய்வார்? கம்பெனியைப் பெரிதாக்க மாட்டார், இன்னொரு கம்பெனி ஆரம்பிப்பார். அண்ணன் பேரில் ஒன்று, மைத்துனர் பேரில் ஒன்று. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், துணியை இறுக்கும் காம்பாக்டிங் ஓரிடம், தையல் மெஷின் வரிசை போட்ட பவர் டேபிள்காரரிடம், பிசிறு வெட்டுவது வீட்டுப் பெண்களிடம். ஒரே டி-சர்ட் பத்து வாசல்படி ஏறி இறங்கும். ஆய்வாளர்கள் இதைப் பிற்காலத்தில் 'நெகிழ்வான உற்பத்தி' என்று வியந்து எழுதினார்கள். அந்த நெகிழ்வில் பாதி, சட்டத்துக்குப் பயந்து உடம்பைக் குறுக்கிக்கொண்டதால் வந்தது.

மறு பாதி 1984-இல் வந்தது. அந்த ஆண்டு பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நான் கைமடிக்குப் போனபோது அந்த நினைவு பச்சைப் புண்ணாக இருந்தது. பழைய டெய்லர்கள் டீக்கடையில் அதைப் பற்றிக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். வேலைநிறுத்தத்துக்குப் பிறகு முதலாளிகள் பெற்ற பாடம், ஐநூறு பேரை ஒரே கூரையின்கீழ் வைக்கக் கூடாது என்பது. காண்ட்ராக்ட் பெருகியது, பீஸ் ரேட் பெருகியது. தொழிலாளியாக இருந்தவரே நாலு மெஷின் போட்டு, கூலிக்குச் செய்துகொடுக்கும் ஜாப் ஒர்க் எடுத்தார். ஷரத் சாரி என்ற ஆய்வாளர் திருப்பூரைப் பற்றி 2004-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். உழவர் குடும்பத்துக் கவுண்டர்கள் தங்கள் உடலுழைப்பையே முதலாக மாற்றி எப்படி முதலாளிகள் ஆனார்கள் என்பதை அதில் விரிவாகக் காட்டுகிறார். அந்தப் படிக்கட்டு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கூட்டுச் சேர உறவுக்காரனும், கடனுக்கு ஈடாகத் தோட்டமும் இல்லாத அருந்ததியர் வீட்டுப் பையன், என்னைப் போலவே கைமடியாகத் தொடங்கி, பெரும்பாலும் டெய்லராகவே நின்றான். நான் கல்லூரிக்கு வந்துவிட்டேன், அது வேறு கதை.

அடுத்து கோட்டா. 1974 முதல் பணக்கார நாடுகள், எந்த நாட்டிலிருந்து எத்தனை டி-சர்ட் வரலாம் என்று எண்ணி வைத்திருந்தன. கோட்டா கையில் இருந்தால்தான் கப்பல் ஏற்ற முடியும். முந்தைய ஆண்டுகளில் ஏற்றுமதி செய்தவர்களுக்கு அது அதிகம் கிடைத்தது. தைக்காமலேயே கோட்டாவை விற்றுப் பிழைத்தவர்கள் உண்டு. 2005 ஜனவரி 1-ஆம் தேதி கோட்டா ஒழிந்தது. ஊரில் பட்டாசு வெடிக்காத குறை. உலகச் சந்தை முழுவதும் இனி நமக்கு என்று எண்ணினார்கள். சந்தை திறந்தது உண்மை. ஆனால் அதே கதவு சீனாவுக்கும் பங்களாதேஷுக்கும் திறந்தது. பின்தங்கிய நாடு என்ற கணக்கில் பங்களாதேஷ் ஆடை ஐரோப்பாவுக்குள் வரியில்லாமல் நுழைந்தது, நம் ஆடை ஏறத்தாழ 9.6 சதவீதம் கட்டியது. சரக்கு வாங்கும் பையர் வந்து உட்கார்ந்ததும் சொல்கிற முதல் வாக்கியம் அன்றிலிருந்து 'டாக்காவில் இதைவிடக் குறைவு' என்பதுதான்.

இப்போது என் பழைய முதலாளியின் சனிக்கிழமை முகத்துக்கு வருகிறேன். ஆர்டர் எடுக்கும்போது விலை டாலரில் முடிவாகிவிடும், சரக்குப் போக மூன்று நான்கு மாதம் ஆகும். இந்தப் பக்கம் மில்கள் மாதத் தொடக்கத்தில் நூல் விலையை அறிவிக்கும். ஆகவே அவருக்கு மேலே இருக்கிற விலை நகராது, பின்னால் இருக்கிற விலை மாதாமாதம் நகரும். 2022 மே மாதம் ஒரு கேண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. நூல் விலை ஓராண்டில் எகிறி, ஊரே மே 16, 17 இரண்டு நாள் கடையடைத்தது. அதற்கு ஒரு மாதம் முன்பே மத்திய அரசு பஞ்சின் இறக்குமதி வரி 11 சதவீதத்தைத் தற்காலிகமாக நீக்கியிருந்தது. 2021 பட்ஜெட்டில் அந்த வரியைப் போட்டதும் அதே அரசுதான். போடும்போது பருத்தி விவசாயிக்காக, எடுக்கும்போது பனியன்காரருக்காக. இரண்டு பேரும் நம் ஆட்கள், இரண்டு பேருக்கும் நியாயம் உண்டு. விவசாயியையும் ஏற்றுமதியாளரையும் ஒரே மேடையில் உட்கார வைத்து இதைப் பேசிய கூட்டம் எதையும் நான் பார்த்ததில்லை.

மேலேயும் நகராது, பின்னாலும் பிடிக்க முடியாது என்றால், நகர்த்தக்கூடியது என்று அவர் கையில் மிச்சமிருந்தது மூன்றுதான். பீஸ் ரேட், ஷிப்டின் நீளம், தண்ணீர்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றப் பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம் பயன்படுத்துகிறார்கள். சாயம் தண்ணீரை விட்டுத் துணியில் ஏற உப்பு வேண்டும். வெளிர் நிறத்துக்குக் குறைவு. கறுப்புக்கும் கருநீலத்துக்கும் லிட்டருக்கு 60 கிராம், சில சமயம் 80 கிராம். ஒரு கிலோ துணிக்குச் சாயத் தொட்டியில் பத்து லிட்டர் தண்ணீர் என்று வையுங்கள். பழைய விஞ்ச் மெஷின்களில் இதைவிட அதிகம். நடுத்தர டி-சர்ட் ஒன்றின் எடை 160 கிராம். அப்படியானால் ஒன்றரை லிட்டருக்குச் சற்று அதிகமான தண்ணீர், கிட்டத்தட்ட நூறு கிராம் உப்பு. மாணவர்கள் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளலாம். சட்டையின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு உப்பு.

அந்த உப்பில் ஒரு கல்கூடச் சட்டையோடு கப்பல் ஏறாது. சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிட்டு அது தண்ணீரிலேயே நிற்கும். மிலானில் சட்டை வாங்குகிறவர் நூலுக்குக் காசு கொடுக்கிறார், தையலுக்குக் கொடுக்கிறார், கப்பலுக்குக் கொடுக்கிறார். உப்புக்கு அவர் கொடுப்பது, மூட்டை விலை மட்டும். வேலை முடிந்த உப்பு எங்கே போய்த் தங்குகிறதோ அந்த இடத்துக்கான வாடகை பில்லில் இருக்காது. பாடப்புத்தகத்தில் இதற்குப் 'புறவிளைவு' என்று ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லை எனக்குப் பிடிக்காது. யாருக்குப் புறம்? எங்கள் மாமாவுக்கு அது வீட்டுக் கிணற்றுக்குள்ளே நடந்தது.

மாமாவின் தோட்டம் நொய்யல் கரையோரம், ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே. ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் திறக்கப்பட்டது, பாசனத்துக்காக. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டை ஆகிவிட்டது. அணை கட்டு என்று கேட்ட விவசாயிகளே, தண்ணீரைத் திறக்காதே என்று போராடிய விந்தை நம் மாநிலத்தில் நடந்தது. ஒரு பொங்கலுக்குப் போயிருந்தபோது மாமா என்னைக் கிணற்று மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாய்க்கால் ஓரம் மண் வெள்ளையாகப் பூத்திருந்தது. கோலமாவு சிந்தியது போல. தென்னையில் குரும்பை நிற்கவில்லை. "தண்ணி பாயுது கண்ணு, பயிரு குடிக்க மாட்டேங்குது" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் இந்தப் பொருள் பற்றி நான் எழுதிய கட்டுரை எதிலும் எதுவும் இல்லை.

சாயப்பட்டறைக்காரர்களைத் திட்டுவது சுலபம். அவர்களும் ஜாப் ஒர்க் ஆட்கள்தான். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. சுத்திகரித்துவிட்டு விடுகிறேன், கூலியில் பத்து ரூபாய் சேர்த்துக் கொடு என்று கேட்கிற பட்டறைக்கு, அடுத்த தெருவில் சுத்திகரிக்காமல் விடுகிற பட்டறை போட்டி. நல்லவனாக இருக்க ஒருவனால் மட்டும் முடியாத தொழில் அது. எல்லோரையும் ஒரே நாளில் நல்லவர்களாக இருக்கச் சொல்ல அரசால்தான் முடியும். அரசு அழுத்திச் சொல்லவில்லை. டாலர் கொண்டுவருகிற ஊரை எந்தக் கட்சியும் தொடாது. இதில் ஆளும் கட்சி, எதிர்க்கட்சி வேறுபாடு இருந்ததாக எனக்கு நினைவில்லை.

கடைசியில் சொன்னது நீதிமன்றம். நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கமாகச் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், வெளியேற்றும் கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும் அபராதம் விதித்தது. ஆற்றுக்கு ஒரு விலை எழுதப்பட்டது. சந்தை எழுத மறுத்த விலையை நீதிபதி எழுதினார். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. அதற்குப் பிறகும் கழிவு நிற்காததால், 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லியது.

அந்த ஆண்டு திருப்பூரில் இருந்தவர்களுக்கு அதன் விளைவு தெரியும். துணி வேறு மாவட்டங்களுக்கும் வேறு மாநிலங்களுக்கும் லாரியில் போய்ச் சாயம் ஏற்றிக்கொண்டு திரும்பியது. தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் 'டு லெட்' பலகை தொங்கியது. பெரும்பாலும் தொழிலுக்காக ஏறத்தாழ 1,000 கோடி ரூபாயில் காவிரியிலிருந்து குழாய் போட்டு, நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவர அமைத்த தண்ணீர்த் திட்டம், வாங்கப் போதிய ஆளில்லாமல் கடனில் தத்தளித்தது. பட்டறைக்காரன், லாரிக்காரன், வீட்டுக்காரர், வங்கி எல்லோரும் உப்பின் விலையைத் தவணை தவணையாகக் கட்டினார்கள். பிறகு மாநில அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சொட்டுக் கழிவும் வெளியேற்றாத முறைக்கு மாறின. இன்றைக்கு அந்த நிலையங்களில் தண்ணீர் திரும்பக் கிடைக்கிறது, உப்பில் ஒரு பகுதியும் திரும்பக் கிடைக்கிறது. இதைத் திருப்பூர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். நான் சொல்லவும் செய்வேன். ஆனால் மாமாவின் தோட்டத்து மண்ணுக்கு அது எட்டவில்லை.

தண்ணீரை நகர்த்த முடியாது என்று ஆனதும் மற்ற இரண்டின் மேல் அழுத்தம் கூடியது. உள்ளூர்ப் பிள்ளைகள் ஒன்றரை ஷிப்டுக்கு வர மறுத்தார்கள். மறுத்ததற்கு அவர்கள் அப்பா அம்மா பட்ட பாடு ஒரு காரணம், ஊர் ஊருக்குத் திறந்த பொறியியல் கல்லூரி இன்னொரு காரணம். மதுரை, தேனி, திண்டுக்கல்லிலிருந்து வந்தவர்களும் மெல்லக் குறைந்தார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் வந்தார்கள். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது, அந்தப் பிள்ளைகளின் பயத்தைவிட முதலாளிகளின் பயம் பெரிதாக இருந்தது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. போலீசார் இந்தியில் பேசி ஆறுதல் சொன்னார்கள். திருப்பூர் ரயில் நிலையத்தில் ஒரு கூட்டம் திரண்டால் சென்னைக் கோட்டையில் விளக்கு எரிகிற நிலை வந்துவிட்டது. யார் ஊருக்கு யார் தேவை என்பதை மேடைப் பேச்சுகள் ஒரு விதமாகச் சொல்லும், கட்டிங் டேபிள் வேறு விதமாகச் சொல்லும்.

அரசின் முடிவு கீழே எங்கே வந்து இறங்குகிறது என்பதற்கு எனக்கு மறக்காத சனிக்கிழமை, 2016 நவம்பர் 12. அதற்கு முந்தைய செவ்வாய் இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. திருப்பூரில் வாரச் சம்பளம், அதுவும் ரொக்கம். சில நாளில், நடப்புக் கணக்குக்காரர் வாரம் 50,000 ரூபாய் எடுக்கலாம் என்றார்கள். நாற்பது பேர் வேலை செய்கிற பவர் டேபிளுக்கு அது ஒரு வாரச் சம்பளத்தில் பாதிகூட வராது. மளிகைக் கடைக்காரர் கடன் கொடுத்தார். அந்த வாரம் இந்திய ரிசர்வ் வங்கியின் வேலையைச் செய்தது அவர்தான். அடுத்த ஆண்டு ஜி.எஸ்.டி. வந்தபோது ஆடை ஜாப் ஒர்க்குக்கு முதலில் 18 சதவீதம் என்றார்கள், கூச்சலுக்குப் பிறகு 5 ஆக்கினார்கள். அந்தச் சில வாரங்களில் மூடிய சின்னப் பவர் டேபிள்கள் திரும்பத் திறந்ததா என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா பல இந்தியப் பொருள்கள் மீது 50 சதவீதக் கூடுதல் வரி விதித்தது. திருப்பூர் ஏற்றுமதியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. வரியைக் கட்டுவது இறக்குமதியாளர்தானே, நமக்கென்ன என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். சட்டப்படி அவர் கேட்டது சரி. ஆனால் வாஷிங்டனில் கையெழுத்து காய்வதற்குள் பையர்கள் தள்ளுபடி கேட்டுப் பேச ஆரம்பித்திருந்தார்கள். ஏற்றுமதியாளர் அதில் பாதியைத் தான் சுமந்து, மீதியைத் தையல் காண்ட்ராக்ட்காரர் தலையில் வைப்பார். காண்ட்ராக்ட்காரர் பீஸுக்குப் பத்துப் பைசா குறைப்பார், அல்லது ஒன்றரை ஷிப்டை ஒன்றாக்குவார். கைமடிக்குக் கீழே யாரும் இல்லை. 1986-இல் என் முதலாளியின் முகத்தில் நான் பார்த்த வேறு ஒருவர், எங்கோ ஒரு கடையில் சட்டையின் விலைச்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அவரை என் முதலாளியும் பார்த்ததில்லை.

சந்தையை அப்படியே விட்டுவிட வேண்டுமா, அரசு தலையிட வேண்டுமா என்று தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வி கேட்கிறோம். நானும் முப்பது ஆண்டு கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு இப்போது வெட்கப்படுகிறேன். திருப்பூரில் அரசு இல்லாத நாளே கிடையாது. ஒதுக்கீடாக இருந்தது, கோட்டாவாக இருந்தது, கழிவைப் பார்த்தும் பார்க்காததாக இருந்தது, பஞ்சு வரியாக இருந்தது. ஒவ்வொரு முறையும், பாரம் யார் தோளில் இறங்கியது, அவர் அதை யாருக்கு மாற்றினார், கடைசியில் மாற்ற ஆளில்லாமல் நின்றது யார் என்றுதான் நான் கேட்டிருக்க வேண்டும்.

முடிக்கும் முன் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தச் சொற்பொழிவுக்குத் தயார் செய்தபோது நான்கு எண்களைத் தேடினேன். 30-ஆம் நம்பர் கோன் நூலின் கிலோ விலை, ஓவர்லாக் டெய்லரின் ஷிப்ட் சம்பளம், லைன் வீட்டின் மாத வாடகை, நொய்யல் ஓரம் ஒரு கிணற்றுத் தண்ணீரின் உப்பளவு. நாற்பது ஆண்டுக்கான இந்த நான்கும் ஒரே வரிசையில் எனக்கு எங்கும் கிடைக்கவில்லை. உங்களில் யாராவது திருப்பூர், காங்கேயம், ஊத்துக்குளி பக்கத்திலிருந்து வருகிறவர் இருந்தால், இந்தச் சனிக்கிழமை முதல் வாரம் ஒருமுறை அவற்றைக் குறித்து வையுங்கள். உப்பை அளக்கும் பேனா போன்ற கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதையும், ஒரு நல்ல நோட்டையும் நான் வாங்கித் தருகிறேன். கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்பேன், வந்து பெயர் கொடுங்கள்.